எங்கள் கட்சியின் எதிர்க்கட்சிக்காரர்

என் வீட்டுக்காரரைக் கட்சியை விட்டு நீக்கியபோது "கொள்கைக்கு மாறாக நடந்துகொண்டார்" என்று அறிவித்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. எதற்கும் மாறாக நடக்க இந்த மனுஷனுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தால், நாலு திசையிலும் ஈ காக்கா இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவான். கல்யாணமான புதிதில் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும்.

இவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தெருவைப் பார்த்த ஒரு அறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த பெரிய படம், வாசலில் ஒரே ஒரு வெள்ளைக் கார். சொல்லிக்கொடுக்கிறவர் காலுக்கும் தனியாக பிரேக் வைத்த கார். பெயர் பதிவதும், போன் எடுப்பதும், பாதியில் நின்றுபோனவர்களைத் திரும்பக் கூப்பிடுவதும் என் வேலை. எத்தனையோ பேர் அந்தக் காரைச் சுவரிலும் கம்பத்திலும் மோதியிருக்கிறார்கள். ஒருத்தரையும் இவர் திட்டியதில்லை. திட்டுகிற வேலையை மொத்தமாக எனக்கே விட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் கட்சி என்றால் இரண்டுதான். எல்லாவற்றையும் மாற்று என்பது அந்தக் கட்சி. இருப்பதைக் காப்பாற்று என்பது எங்கள் கட்சி. வரி குறைவாக இருக்க வேண்டும், ஊர் கடன் வாங்கக் கூடாது, குடும்பம் குடும்பமாக இருக்க வேண்டும், சாமி கும்பிடுகிறவனைக் கேலி செய்யக் கூடாது. மேடைக்காக இதைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். இவர் நிஜமாகவே நம்புகிறவர். "வண்டி ஓடணும்தான். ஆனா பிரேக் இல்லாத வண்டியில நான் ஏறமாட்டேன். நம்ம கட்சிதான் ஊருக்கு பிரேக்கு" என்பார். எதைப் பேசினாலும் இவர் பேச்சில் கார் வந்து நின்றுவிடும். "அத்தான் தூக்கத்துல புரண்டு படுத்தாகூட இண்டிகேட்டர் போடுவார், இல்லக்கா?" என்று என் தம்பி கேலி செய்வான்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் வளர்ந்தவன். கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் இவர், கட்சிக்குள் கூட்டிப்போனவர் இவர், மைக் முன்னால் நின்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று காட்டிக் கொடுத்தவரும் இவர். உயரம், குரல், ஆளை மயக்குகிற சிரிப்பு எல்லாம் அவனிடம் பிறப்பிலேயே இருந்தது. முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் குறைவு. கூடப் பிறந்தவளே இதைச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

கட்சியின் கிளை அலுவலகம் பெயின்ட் கடை மாடியில் இருந்தது. படியேறும்போதே தின்னர் வாடை மூக்கைத் துளைக்கும். நிறைய பிளாஸ்டிக் நாற்காலி, காற்றைவிடச் சத்தம் அதிகமாகத் தருகிற மின்விசிறி. அந்தக் கிளைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. வேறு எந்தக் கிளையிலும் அது கிடையாது. ஒரு தீர்மானம் போடுவதற்கு முன்னால், ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால், நம் ஆள் ஒருவர் எழுந்து அந்தக் கட்சிக்காரராகவே பேச வேண்டும். சும்மா ஒப்புக்குப் பேசக் கூடாது. எதிரி எவ்வளவு நன்றாகப் பேசுவானோ அதைவிட நன்றாகப் பேச வேண்டும். மற்றவர்கள் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் நம் தீர்மானத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படிப் பேசுகிறவர், பேச ஆரம்பிக்கும் முன் சட்டையில் குத்தியிருக்கிற கட்சி பேட்ஜைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடுவார். பேசி முடித்ததும் எடுத்துக் குத்திக்கொள்வார். சின்னத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எதிரிக்காகப் பேசுவது சின்னத்துக்கு மரியாதை இல்லை என்று யாரோ எந்தக் காலத்திலோ ஏற்படுத்தி வைத்த முறை.

அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. வேறு யாருக்கும் அது வராது. எழுந்து நின்று ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் சிரித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் எதிரியை முட்டாளாக்கிப் பேசுவார்கள். இவர் அதற்காக அந்தக் கட்சியின் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பார். குளிக்கும்போது அவர்களுக்காக வாதாடுவார், சாப்பிட உட்காரும்போது நம் கட்சிக்குத் திரும்பிவிடுவார். "ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இவ்வளவு கஷ்டப்படமாட்டான்" என்று நான் சொல்வேன். கிளையில் இவருக்கு 'எதிர்க்கட்சி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "எதிர்க்கட்சிக்கு ஒரு டீ" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தால் கீழே டீக்கடைக்காரருக்கு யாரென்று தெரியும். அதில் அப்போது பிரியம்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு காலம் மாறியது. பழைய செயலாளர் உடம்பு முடியாமல் விலகினார். வீட்டுமனை விற்கிற ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தார். கையில் இரண்டு செல்போன், வாயில் ஒரே ஒரு கேள்வி: "நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?" வரியைப் பற்றியும் கடனைப் பற்றியும் கிளையில் பேச்சே நின்றுபோனது. ரயில் பாதைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்து குடியேறியிருக்கிற குடும்பங்களைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. அவர்களை ஒரேயடியாகக் காலி செய்ய வேண்டும், வீடுகளை இடிக்க வேண்டும், இன்றைக்கே, இப்போதே.

இவர் எழுந்து, "அனுமதி இல்லாம கட்டியிருந்தா நோட்டீஸ் கொடுப்போம். அவகாசம் கொடுப்போம். மாத்து இடம் உண்டான்னு பார்ப்போம். சட்டப்படி நடக்கணும்னு சொல்ற கட்சிதானே நம்ம கட்சி?" என்றார்.

"நீங்க யார் பக்கம் பேசறீங்க?" என்றார் வீட்டுமனைக்காரர்.

"பேட்ஜ் போட்டிருக்கேனே, பார்க்கலையா? நம்ம பக்கம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. நான் அன்றைக்கே சொன்னேன், ஊரோடு ஒத்துப்போங்கள், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கார் ஓட்டுங்கள் என்று. "பிரேக் பிடிக்கிறதும் ஓட்டுறதுல சேர்த்திதான்" என்றார். என்ன செய்ய?

அந்த வருஷம் நகர மன்றத் தேர்தலில் எங்கள் கட்சி என் தம்பியை நிறுத்தியது. வீட்டில் எவ்வளவு சந்தோஷம்! இவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அந்தக் கட்சியில் நின்றவர் ஒரு பல் டாக்டர் அம்மா. கடைத்தெருவில் கிளினிக் வைத்திருப்பவர், நறுக்கென்று பேசுவார். இருவரும் நகர மண்டபத்தில் ஒரே மேடையில் நேருக்கு நேர் வாதம் செய்வதாக ஏற்பாடு. தம்பி நேராக இவரிடம் வந்தான். "அத்தான், நீங்க அந்தம்மாவா பேசுங்க. நான் பதில் சொல்லிப் பழகறேன்" என்று அவனேதான் கேட்டான். அவன் வாயால் கேட்டதை என் காதால் கேட்டேன்.

கிளைக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இவர் பேட்ஜைக் கழற்றி மேசை மேல் வைத்தார். பேச ஆரம்பித்தார்.

"சட்டம் சட்டம்னு சொல்றீங்களே, அந்த வீடுகளுக்கு கரண்ட் கொடுத்தது யாரு? உங்க கையில இருக்கிற நகர மன்றம். வீட்டு வரி வாங்கினது யாரு? நீங்க. வாங்கும்போது சொந்தக்காரன், விரட்டும்போது அந்நியனா? குடும்பம் குடும்பம்னு மேடைக்கு மேடை முழங்கறீங்களே, அங்க பிள்ளைகுட்டியோட படுத்திருக்கிறது குடும்பம் இல்லையா? இதைச் செய்யற கட்சியில இருக்க எனக்கு வெட்கமா இருக்கும்."

அங்கே நடந்ததெல்லாம் இவர் வந்து சொன்னதுதான். தம்பி, "அது வந்து..." என்றான். தண்ணீர் குடித்தான். மறுபடியும் "அது வந்து" என்றான். பதில் வரவில்லை. இவர் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொண்டு, "பயப்படாதே மச்சான், இதுக்கு ஒரு பதில் யோசிப்போம்" என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தோளைத் தட்டியது வீடியோவில் இல்லை. எவனோ உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் எடுத்து, வேண்டியதை மட்டும் வெட்டி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதில் என் வீட்டுக்காரர் பேட்ஜைக் கழற்றி வைக்கிறார், கரண்ட், வரி, குடும்பம் என்று பேசுகிறார், வெட்கமாக இருக்கும் என்கிறார். அவ்வளவுதான். சின்னத்துக்கு மரியாதை செய்யப்போய், சின்னத்தைத் தூக்கி எறிந்த துரோகி ஆகிவிட்டார்.

காலையில் போன் அடிக்க ஆரம்பித்தது. "இனிமே வகுப்புக்கு வரலை" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் காரணம் சொன்னார்கள், சிலர் சொல்லாமலேயே வைத்துவிட்டார்கள். கார் கண்ணாடியில் சிவப்பு பெயின்டால் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது. இவர் தின்னரும் துணியும் எடுத்துக்கொண்டு துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒரு வீட்டு ஜன்னலும் திறக்கவில்லை.

கட்சி விசாரணை வைத்தது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாராவது ஒருவர் எழுந்து, "அது பயிற்சி, எங்கள் கிளை வழக்கம்" என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். ஒவ்வொரு வீடாகப் போனேன். ஒருவருக்குத் தலைவலி, ஒருவர் வெளியூர் போயிருந்தார், ஒருவருக்கு அன்றைக்கு அங்கே இருந்ததே ஞாபகமில்லை. பூனைக்கு மணி கட்ட எந்த எலியும் வரவில்லை. கடைசியில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் சொன்னால் கட்சி கேட்கும், வேட்பாளன் அல்லவா?

"தேர்தல் முடியட்டும்க்கா, நானே சொல்றேன்" என்றான்.

"முடிஞ்ச பிறகு சொல்லி என்னடா பண்றது? ஒரு வார்த்தை. நீதானே கேட்ட, நீதானே பேசச் சொன்ன?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "பயிற்சின்னு சொன்னா முழு வீடியோவையும் போடுன்னு கேப்பாங்க. அதுல நான் பதில் தெரியாம நிக்கிறது இருக்கு. அப்புறம் என்னையும் தூக்கிடுவாங்கக்கா."

"தூக்கட்டுமே! உன்னைத் தூக்கி வளர்த்தவரு அவரு."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் மனைவி வந்து, பேச்சை மாற்றுவதற்காக என் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

விசாரணை மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. குளிர்சாதன அறை, கண்ணாடி மேசை, அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் ஒருவன் எங்களிடம் கார் ஓட்டப் பழகியவன்தான். இன்னமும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது அவனுக்கு. குடும்பத்தார் பின்னால் உட்காரலாம் என்றதால் நானும் உட்கார்ந்திருந்தேன். இவர் கிளையின் வழக்கத்தை விளக்கமாகச் சொன்னார். "சாட்சி இருக்கா?" என்றார்கள். இவர் திரும்பிப் பார்த்தார். நான் மட்டும் இருந்தேன்.

"சரி, விடுங்க. அந்த வீடியோவுல பேசினதுல ஒரு வார்த்தைகூட எனக்கு உடன்பாடு இல்லைன்னு சொல்லிடுங்க. நாங்க பதிவு பண்ணிக்கிறோம். முடிஞ்சுது" என்றார் நடுவில் இருந்தவர். தப்பிக்க வழி காட்டினார், அதைச் சொல்ல வேண்டும். எனக்கு உயிர் வந்தது. சொல்லித் தொலையுங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

இவர் யோசித்தார். யோசிக்கவே கூடாத இடத்தில் யோசித்தார்.

"ஒரு வார்த்தைகூடன்னு சொல்ல முடியாதுங்க. பாதி சரின்னுதான் தோணுச்சு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது கத்தாமல் இருந்தாலாவது பிழைக்கும். இவர் உண்மை சொல்லிக் கெட்டார்.

"பாதின்னா எந்தப் பாதி?" என்று அந்த ரிவர்ஸ் தெரியாதவன் கேட்டான்.

"குடும்பம்னு சொன்னது சரி. வரி வாங்கினோம்கிறதும் சரி. அதுக்காக நிலத்தை அப்படியே எழுதிக் கொடுத்துடணும்னு அந்தக் கட்சி சொல்றது தப்பு. நடுவுல ஒரு வழி இருக்கு, நான் அதை..." அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு நேரமில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வருவதற்குள் நீக்கிய செய்தி எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது.

அடுத்த நாளே பல் டாக்டர் அம்மா எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார், கூட இரண்டு பேர், கையில் பூங்கொத்து. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைத்திருப்பார்.

"சார், நானே அவ்வளவு நல்லா பேசினதில்ல. எங்க மேடைக்கு வாங்க, அதே பேச்சைப் பேசுங்க."

"டாக்டர் அம்மா, அது நான் பேசினது இல்ல. நீங்க நல்லா பேசினா எப்படி இருக்கும்னு காட்டினது" என்றார் இவர். அதோடு விட்டாரா? அந்த அம்மாவின் வரித் திட்டத்தை எடுத்து, அதனால் சின்னக் கடைக்காரன் எப்படி அழிவான், ஊர் எப்படிக் கடனில் முங்கும் என்று வாசலில் நிற்க வைத்தே சொல்லி முடித்தார். கூட வந்தவர்கள் முகம் சுருங்கியது.

"அப்போ வீடியோவுல சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்போ எங்க பக்கம் வந்துடுங்களேன்."

"பொய் இல்லாதது எல்லாம் உங்க பக்கம்னு யாருங்க சொன்னது?"

டாக்டர் அம்மா பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். போகும்போது என்னிடம், "உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்ம்மா. ஆனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது வாசிக்கிறவன் தூக்கிச் சுமப்பான்.

நகர மண்டபத்து வாதத்துக்கு இவர் கிளம்பினார். போகாதீர்கள் என்று கெஞ்சினேன், கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "மச்சான் எப்படிச் சமாளிக்கிறான்னு பார்க்கணும்" என்றார். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். டாக்டர் அம்மா பேசினார். இவர் சொன்னது அப்படியே வந்தது: கரண்ட், வரி, குடும்பம். எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன. தம்பி எழுந்து மைக்கைச் சரிசெய்தான். கையை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்திருந்தான்.

"இந்தப் பேச்சை நான் ஏற்கெனவே கேட்டுட்டேன்" என்று ஆரம்பித்தான். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், சொல்லப்போகிறான் என்று. நானும்தான் நம்பினேன். கடவுளே, நானும் நம்பினேன்.

"இதே பேச்சைப் பேசினவர் என் சொந்த அத்தான். என்னை வளர்த்தவர். அவர் பேசினது தப்புன்னு தெரிஞ்சதும் எங்க கட்சி அவரைத் தூக்கி வெளியே போட்டுச்சு. நான் தடுக்கல. சொந்தம்னு பார்க்கல, பாசம்னு பார்க்கல. எனக்கு இந்த ஊர்தான் முக்கியம். டாக்டர் அம்மா, உங்களால உங்க கட்சியில இதைச் செய்ய முடியுமா?"

மண்டபம் கூரை இடிகிற மாதிரி கை தட்டியது. அந்த அம்மாவின் கேள்விக்கு அவன் பதில் சொல்லவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் கைதட்டலோடு கைதட்டலாக வெளியே வந்தோம். இவர் தெருமுனை வரை எனக்கு முன்னால் நடந்தார். பிறகு, "மேடைக்கு நல்ல பதில்தான்" என்றார். நான் நடு ரோட்டில் நின்று அழுதேன். இவர் என்னைக் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார், வண்டி வருகிறது என்று.

தேர்தல் அன்று நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. இவர் சட்டை போட்டுக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"நம்ம கட்சிக்குத்தான். வரி விஷயத்துல அந்தம்மா சொல்றது சரியே இல்ல."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். வேறென்ன சொல்வது அந்த மனுஷனிடம்?

தம்பி ஜெயித்தான். ஜெயித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில் வந்தான். தெருமுனையில் கட்சிக் கார் நின்றது, உள்ளே வீட்டுமனைக்காரரும் ஆட்களும். தம்பி மட்டும் தனியாக நடந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே கதவையும் ஒருக்களித்துச் சாத்தினான். ஸ்கூல் அறை காலியாக இருந்தது. பழக வருகிறவர்கள் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்து வருகிற ஒன்றிரண்டு பேர்தான்.

"அத்தான், மன்றத்துல முதல் கூட்டம் வருது. அந்தப் பக்கம் எல்லாம் பேச்சுல புலிங்க. நீங்க ஒரு தடவை அவங்களா பேசிக் காட்டினா எனக்குத் தைரியம் வரும். இங்கேயே, வீட்டுக்குள்ளேயே. யாருக்கும் தெரிய வேணாம்."

என் கையில் அப்போது என்ன இருந்தது என்று ஞாபகமில்லை. எது இருந்திருந்தாலும் எறிந்திருப்பேன். இவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

"பேசறேன் மச்சான். விடிய விடியக்கூடப் பேசறேன். நீ கதவை முழுசாத் திற. தெருவுல போய் அந்தக் கார்கிட்ட நின்னு, அன்னிக்கு அது பயிற்சி, நான்தான் கேட்டேன்னு சத்தமா ஒரு தடவை சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் பேசறேன்."

தம்பி கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்தான். காரிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வர்றேன் அத்தான், வர்றேன்க்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தான். கார் அருகில் போனதும் சிரித்த முகமாகக் கதவைத் திறந்து ஏறினான். கார் கிளம்பிப் போய்விட்டது.

இவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், பயந்து போயிருக்கான். அவனுக்கும் அங்க இடம் இல்ல. இன்னும் தெரியல அவனுக்கு" என்றார்.

இவருக்குப் பாவமாக இருக்கலாம். எனக்கு இல்லை. அவன் குடித்து வைத்த டம்ளரைக் கழுவும்போதும் இல்லை, இன்றைக்கு இதைச் சொல்லும்போதும் இல்லை.